இடப்பக்கம் நோய், வலப்பக்கம் கேமரா: ஒரு பேய்க் குறும்படம் உருவான விதம்

வயதான தாய். மறதி நோயா, பேய் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் தவிக்கும் மகள். வீட்டில் பதிவான காணொளிகள் மட்டுமே கதையைச் சொல்ல வேண்டும். யாரோ எடுத்துவைத்துப் பிறகு கண்டெடுக்கப்பட்ட பதிவு என்ற பாவனையில் எடுக்கும் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் வகையில் பலரும் தொட்ட கரு இது என்பதால், திரைக்கதையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அம்மா செய்கிற ஒவ்வொன்றும் மருத்துவர்கள் அறிந்த அறிகுறியாக இருக்க வேண்டும். பேய் செய்வதுபோலத் தோன்றுகிற ஒவ்வொன்றும் மலிவு விலைக் கேமராவுக்குப் பிறவியிலேயே உள்ள குறையாக இருக்க வேண்டும். கண்ணைச் செருகுவது, கரகரத்த குரலில் உறுமுவது, சுவரில் ஊர்வது எதற்கும் அனுமதி இல்லை.

இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடப்பக்கம் நோயின் அறிகுறிகள், வலப்பக்கம் கேமராவின் கோளாறுகள். இடப்பக்க வரி ஒன்றும் வலப்பக்க வரி ஒன்றும் எங்கே பொருந்துகின்றனவோ அங்கே ஒரு காட்சி பிறக்கும். பொருந்தாதவற்றை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். விட்டவைதான் அதிகம்.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. இவ்வளவு நடந்த பிறகும் இவர்கள் ஏன் கேமராவைக் கீழே போடவில்லை என்று பார்ப்பவர் கேட்டுவிட்டால் படம் அங்கேயே படுத்துவிடும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்தக் கேள்வியே எழாது. இரவில் அம்மா எழுந்து நடப்பார், விழுந்துவிடக் கூடும், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடக் கூடும். அதனால் படுக்கையறையில் ஒரு கண்காணிப்புக் கேமரா, நடைவழியில் இன்னொன்று. அணைத்தால்தான் தவறு. இது போதாதென்று மகளின் கைபேசியும் இருக்கிறது. "அடுத்த முறை இப்படி நடக்கும்போது வீடியோ எடுத்து வாருங்கள்" என்று மருத்துவர்கள் உண்மையிலேயே கேட்பார்கள். வலிப்போ, தூக்கத்தில் கைகால் அடிப்பதோ மருத்துவமனைக்கு வந்ததும் நின்றுவிடும் என்பதால் வீட்டில் எடுத்த காணொளி அவர்களுக்குப் பெரிய உதவி. ஆக மூன்று கேமராக்களுக்கும் காரணம் கிடைத்தது. கைபேசிக் காட்சிகளை மகளாக நடித்தவரே படம்பிடித்தார். 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தில் நடிகர்களே கேமராவைக் கையாண்டார்கள். அந்தப் பதற்றத்தை அனுபவமுள்ள ஒளிப்பதிவாளரின் கையால் போலிசெய்ய முடியாது.

அம்மாவாக நடித்தவர் மேடை அனுபவம் உள்ளவர். "பயமுறுத்த வேண்டாம், சமாளியுங்கள்" என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் மறந்ததை வெளியே காட்டிக்கொள்வதில்லை. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சிரிப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள், பழகிய உபசார வார்த்தைகளால் இடைவெளியை நிரப்புவார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சமையலறையில் மகள் கைபேசியில் பதிவுசெய்யும் காட்சியில், எழுதித் தந்த வசனத்தை ஒதுக்கிவிட்டு அவராகவே பேசினார்: "நீங்கள் உட்காருங்கள். என் மகள் இப்போது வந்துவிடுவாள். உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வாள்." கைபேசி லேசாக ஆடியது. மகளாக நடித்தவர் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஆட்டத்துடனேயே வைத்துக்கொண்டோம்.

நெருங்கியவரைப் போலவே வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நம்புவதை 1923இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கப்கிராவும் ரெபூல்-லாஷோவும் பதிவுசெய்தார்கள். கப்கிரா மாயை என்று இன்றும் அதைச் சொல்கிறோம். மறதி நோய்களிலும் இது வரும். பேய்ப் படத்தில் வழக்கமாக மகள்தான் "இது என் அம்மா இல்லை" என்று அலறுவாள். இங்கே அந்த வரி அம்மாவுக்குப் போனது. இந்த இடமாற்றம் ஒன்றே கதையின் பாதியை எழுதிக்கொடுத்தது.

இடப்பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி கடிகாரம். நினைவுத் திறனைச் சோதிக்கும்போது ஒரு வட்டம் வரைந்து, எண்களை இட்டு, பதினொன்று மணி பத்து நிமிடம் காட்டச் சொல்வார்கள். எளிய வேலை போலத் தெரியும். பத்து நிமிடம் என்பதைப் பெரிய முள் இரண்டில் நிற்பதாக மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். மூளை தளர்ந்தவர்கள் 'பத்து' என்று காதில் விழுந்ததும் முள்ளைப் பத்தின் மீதே வைத்துவிடுவார்கள். எண்களெல்லாம் வட்டத்தின் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு நிற்கும். சில சமயம் வட்டத்துக்கு வெளியே போய்விடும். படத்தில் அம்மா வெவ்வேறு நாள்களில் இதே கடிகாரத்தை வரைகிறார். முதல் தாளில் ஓரளவு ஒழுங்கு. அடுத்ததில் பத்திலும் பதினொன்றிலும் முள்கள். அதற்கடுத்த தாளில் எண்கள் வலப்பக்கம் குவிந்து, இடப்பக்கம் முழுக்க வெறுமை. கடைசித் தாளில் வட்டமே இல்லை. அவருடைய பெயர் மட்டும், மேலே மேலே எழுதி அழுத்தியதில் தாள் கிழிந்துபோன நிலையில். பேய்க் கதைகளில் சுவரில் தோன்றும் மர்மக் குறியீடுகளைவிட இந்த நான்கு தாள்களும் அதிகம் மிரட்டின. அவற்றை நடிகர் இடக்கையால் வரைந்தார். வலக்கையால் முயன்றபோது 'மோசமாக வரைய முயலும் கை' என்பது தெரிந்தது.

நேர்காணல் காட்சிகளுக்கு 1901ஆம் ஆண்டின் பதிவு ஒன்று கைகொடுத்தது. ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயது ஆகுஸ்ட டெட்டரை அலோய்ஸ் அல்சைமர் கேள்வி கேட்டு எழுதிவைத்த குறிப்புகள் அவை. பெயர் என்ன? ஆகுஸ்ட. குடும்பப் பெயர்? ஆகுஸ்ட. கணவர் பெயர்? ஆகுஸ்ட என்று நினைக்கிறேன். 1906இல் அந்தப் பெண் இறந்தார். அதே ஆண்டு டூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அல்சைமர் இந்த நோயை விவரித்தார். கோப்பு எங்கோ போய்விட்டது. 1995இல்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் மறுபடியும் கிடைத்தது. பல பத்தாண்டுகள் தொலைந்து கிடந்து மீண்ட கோப்பு. இதைவிட உண்மையான ஃபவுண்ட் ஃபுட்டேஜ் கிடையாது. அந்த உரையாடலின் நடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்: கேட்பவர் குரல் ஒருபோதும் உயராது, பதில் ஒருபோதும் நகராது.

இனி வலப்பக்கம்.

கண்காணிப்புக் கேமராக்கள் இருட்டில் அகச்சிவப்பு விளக்குகளால் பார்க்கின்றன. இவற்றில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்குகள் நன்றாக எட்டும், ஆனால் நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் உணரிக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு என்பதால் எட்டும் தூரமும் குறையும். நாங்கள் தெரிந்தே 850ஐ எடுத்தோம். அம்மா நள்ளிரவில் படுக்கையிலிருந்து அந்தச் சிவப்புப் பொட்டுகளைப் பார்க்கிறார். "அந்த மூலையில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறான்" என்று காலையில் மகளிடம் சொல்கிறார். பொய்யே இல்லை. மூலையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அவரையே பார்க்கிறது.

பகல் ஒளியிலிருந்து இரவுக்கு மாறும்போது கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நகரும். 'டிக்' என்று ஓர் ஒலி. அமைதியான அறையில் தெளிவாகவே கேட்கும். மாலை மங்கும்போது மறதி நோயாளிகளின் பதற்றமும் குழப்பமும் கூடுவதை மருத்துவர்கள் சன்டவுனிங் என்கிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் இத்தனை கச்சிதமாகப் பொருந்திய வரி வேறு இல்லை. வெளிச்சம் குறைகிறது, 'டிக்' கேட்கிறது, நிறம் போய்க் காட்சி சாம்பலாகிறது, அம்மா எழுந்து உட்கார்கிறார். இதைத் திரும்பத் திரும்ப வைத்ததில், படத்தின் நடுப்பகுதிக்குள் அந்த 'டிக்' கேட்டாலே பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

அகச்சிவப்பில் ஒப்பனையே தேவைப்படவில்லை. தோல் மெழுகுபோல வழவழப்பாகத் தெரியும், சுருக்கங்கள் மங்கிவிடும், இரத்த நாளங்கள் கருமையாக எழும்பும். விளக்குகள் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் விரிந்த கண்மணிகள் வெள்ளையாக ஒளிரும். துணிச் சாயங்கள் பலவும் அகச்சிவப்பைப் பிரதிபலிக்கும் என்பதால் அம்மாவின் கறுப்பு இரவு உடை காட்சியில் ஏறக்குறைய வெள்ளையாக வந்தது. மாலையில் கறுப்பு, இரவில் வெள்ளை. உடை மாற்றியது யார் என்று பார்ப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. போலி இரத்தம் வைத்திருந்தோம். சிவப்புச் சாயம் அகச்சிவப்பில் தண்ணீர்போல மறைந்துவிட்டதால் தூக்கிப் போட்டாயிற்று. நல்லதுதான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இருட்டில் கேமராவுக்குத் தெரிவது நடிகருக்குத் தெரியாது. வயதானவரை நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. தரையில் பருத்திக் கயிறு ஒன்றை ஒட்டி, காலால் தடவிக்கொண்டே நடக்கும்படி வழி அமைத்தோம். சட்டகத்துக்கு வெளியே இருபுறமும் மெத்தை, கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர். கயிற்றைத் தேடி அவர் வைத்த அடிகள் குறுகி, பாதம் தரையை விட்டு எழும்பாமல் இழுபட்டன. லூயி பாடி என்ற வகை மறதி நோயில் பார்க்கிற நடை அச்சு அசலாக அதுவே. சொல்லிக்கொடுத்திருந்தால் வந்திருக்காது.

லூயி பாடி என்றதும் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்குப் பொருத்தமான நோய் அல்சைமரைவிட அதுதான். இல்லாத மனிதர்கள், குழந்தைகள், விலங்குகள் துல்லியமாகக் கண்ணுக்குத் தெரிவது, ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்று மாறிமாறி வருவது, கனவில் நடப்பதை உடம்பால் நடித்துக் கத்துவது எல்லாம் இதன் அறிகுறிகள். திரைச்சீலை மடிப்பில் முகம் தெரிவதும் உண்டு. பல நோயாளிகள் தங்களுக்குத் தெரியும் குழந்தைகளைக் கண்டு பயப்படுவதே இல்லை. எங்கள் அம்மாவும் பயப்படவில்லை. கட்டிலின் ஓரத்தில் இடம் விட்டுப் படுத்துக்கொள்கிறார், அவ்வளவே.

ஒலிக்கு வருகிறேன். என் கணக்கில் இந்தப் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மலிவான கேமராக்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி உண்டு. சத்தம் பெரிதானால் உடனே தணித்துவிடும். அமைதி வந்தால் எதையாவது கேட்டே தீருவேன் என்பதுபோல மைக்கின் உணர்திறனைப் படிப்படியாக உயர்த்தும். கேட்க எதுவும் இல்லாதபோது அது உயர்த்துவது மின்சுற்றின் இரைச்சலைத்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஏறிக்கொண்டே போகும். இது வலப்பக்க வரி. இடப்பக்கத்தில் செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு இருந்தது. ஜான் செயின் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தது. மூச்சு சிறிதாகத் தொடங்கி, ஆழமாகி, மீண்டும் சிறிதாகி, முற்றிலும் நின்றுபோகும். பத்து வினாடி, சில சமயம் அதற்கும் மேல். பிறகு மறுபடியும் தொடங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் தூக்கத்திலும், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களிடமும் காணப்படுவது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அம்மா தூங்குகிறார். மூச்சு ஏறி இறங்கி நிற்கிறது. நின்ற உடனே கேமரா காதைத் தீட்டத் தொடங்குகிறது. இரைச்சல் எழுகிறது, அறையின் மூலைகளிலிருந்து எதுவோ நெருங்கி வருவதுபோல. இன்னும் ஏறுகிறது. இரைச்சலுக்குள் சொற்கள் இருப்பதாகக்கூடத் தோன்றும், காது அப்படித்தான் ஏமாறும். அப்போது அம்மாவின் மூச்சு 'ஹக்' என்று திரும்புகிறது. உச்சத்தில் இருந்த மைக் அதை வெடிபோலப் பிடிக்கிறது. மறுகணம் தணித்துவிடுகிறது. இரைச்சல் சட்டென்று விலகுகிறது. எது விலகியது? எதுவுமே இல்லை. நிலையான கேமரா, தூங்கும் ஒரு பெண், வேறொன்றும் நடக்காத ஒற்றை ஷாட். அதற்குத்தான் திரையிடலில் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

பாதுகாப்புக்காகத் தரமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். அதில் பதிவான மூச்சு மிகத் தெளிவு, கொஞ்சமும் பயமில்லை. எடிட்டர் அதைப் பயன்படுத்தலாம் என்றார். கேமராவின் அழுக்கு ஒலியையே வைத்தோம், சுத்தம் செய்யாமல்.

எடிட்டிங்கில் முதல் வேலை சலிப்பானது. கைபேசியும் கண்காணிப்புக் கேமராவும் ஃபிரேம் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை படங்கள் என்பதை, நிலையாக வைத்திருப்பதில்லை. இருட்டானால் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகளை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் போட்டால் நேரம் போகப் போக ஒலியும் உதட்டசைவும் பிரிந்துவிடும். எல்லாவற்றையும் முதலில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

காணொளிக் கோப்பைச் சிறிதாக்கும் ஹெச்.264 சுருக்கத்தில் இன்னொரு பரிசு கிடைத்தது. குறைந்த பிட் வீதத்தில், அதாவது வினாடிக்கு ஒதுக்கும் தரவு குறைவாக இருந்தால், இருட்டான வெற்றுச் சுவர் மெல்ல மெல்லக் குழைந்து மங்கும். படம் முழுவதையும் புதிதாகச் சேமிக்கும் கீ ஃபிரேம் வரும்போது விவரங்கள் சட்டென்று திரும்பும். பிறகு மறுபடி குழையும். கீ ஃபிரேம் இரண்டு வினாடிக்கு ஒன்று என்றால் சுவர் இரண்டு வினாடிக்கு ஒருமுறை மூச்சு விடும். எடிட்டர் இதைச் சரிசெய்யத் தயாரானார். நான் பிட் வீதத்தை இன்னும் குறைக்கச் சொன்னேன்.

நேர முத்திரையிலும் விளையாடினோம். வைஃபை பலவீனமாகும்போது கேமரா சில வினாடிகளை விழுங்கிவிடும். 02:14:07இல் அம்மா கட்டிலின் விளிம்பில் நிற்கிறார். அடுத்த ஃபிரேம் 02:14:11. முகம் லென்ஸுக்கு நேர் கீழே, மேல்நோக்கி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மீட்டர்தான். தளர்ந்த நடையிலும் நான்கு வினாடியில் கடக்கக்கூடிய தூரம். கணக்குப் போட்டால் சரியாகவே வரும். யாரும் கணக்குப் போடுவதில்லை.

கைவிட்டவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேயோட்டுபவர் வரும் காட்சி எழுதப்பட்டிருந்தது. படமாக்கவில்லை. மூப்பில் வரும் குழப்பத்தைப் பேய் என்று எண்ணி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்மையில் இருக்கும்போது, அந்தக் காட்சி திரையில் வேலை செய்துவிடுமோ என்ற பயம்தான் எனக்கு அதிகம்.

முதல் வெட்டை, அதாவது எடிட் செய்த முதல் வடிவத்தை, முதியோர் மருத்துவரான நண்பரிடம் காட்டினேன். அம்மா காற்றில் எதையோ பறிக்கும் காட்சி வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாத நூல்களை எடுத்துப் போர்வையில் வைக்கின்றன. இரவுக் காட்சியில் அது என்னவோ சடங்குபோலத் தெரியும். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டிஸின் எழுத்துகளிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும் பழைய அறிகுறி. நண்பர் படத்தை நிறுத்தினார். "இந்த இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்திருக்க வேண்டும்" என்றார். ஏற்கெனவே மறதி உள்ள முதியவர் ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் அதை டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம் என்று சந்தேகிக்க வேண்டும், சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் தேடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விளக்கினார். பிறகு, "உங்கள் மகள் பாத்திரம் இவ்வளவு அக்கறையானவள் என்றால் போயிருப்பாளே" என்றார்.

மறுக்க முடியாத வாதம். எழுதிச் சேர்த்தோம். மகள் அழைத்துப் போகிறாள், தொற்று உறுதியாகிறது, மருந்து தரப்படுகிறது. தொடர்ந்து சில இரவுக் காணொளிகளில் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது, மைக்கும் அடங்கிக் கிடக்கிறது. பார்ப்பவருக்கு அப்பாடா என்றிருக்கும். இடப்பக்கத்தில் இருந்த விளக்கங்களில் மிகப் பெரியதை இப்படிச் செலவழித்துத் தீர்த்துவிட்ட பிறகுதான் அந்தப் பறிக்கும் காட்சியை மறுபடி வைக்கிறோம், இந்த முறை பகல் வெளிச்சத்தில், நல்ல நிறத்தில், கேமராவுக்கு எந்தக் குறையும் இல்லாத நிலையில். நண்பர் இரண்டாவது வெட்டையும் பார்த்தார். இதற்கும் நான்கைந்து காரணங்கள் சொன்னார். சொல்லும்போது குரலில் முன்புபோல உறுதி இல்லை என்று எனக்குப் பட்டது, அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.